நுரைக்காத தண்ணீரும் சாகாத களையும்

எங்கள் வீட்டு முன்புறத்தில் அரை கிரவுண்டு புல்தரை இருக்கிறது. புல்தரை என்பது மரியாதைக்குச் சொல்வது. பாதி இடத்தில் அருகம்புல் வகை. மீதியில் புளியாரை, மூக்கிரட்டை, அம்மான் பச்சரிசி, ஓரத்தில் தொட்டாற்சிணுங்கி, எங்கு பார்த்தாலும் கோரை. எதிர்வீட்டு சார் வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வீட்டுத் தரைக்கும் இதே கதிதான். ஒரு கார்த்திகையில் இருவரும் பங்கு போட்டு ஒரு பாட்டில் 2,4-டி களைக்கொல்லி வாங்கினோம். லிட்டருக்கு மூன்று மில்லி என்றார் கடைக்காரர். வெயில் ஏறாத ஞாயிற்றுக்கிழமைக் காலை, காற்றும் இல்லை. ஒரே தெளிப்பான், ஒரே அளவுமூடி. முதலில் அவர் வீடு, பிறகு எங்கள் வீடு.

நான்காம் நாள் அவர் வீட்டு மூக்கிரட்டை தண்டு முறுக்கிக் கிடந்தது. பத்தாம் நாள் சருகு. எங்கள் வீட்டில் அது இரண்டு நாள் சோர்ந்து நின்றுவிட்டு, அடுத்த வாரம் பூத்தது.

யோசித்துப் பார்த்ததில் வேறுபாடு ஒன்றுதான் தேறியது. அவர் மழைநீர்த் தொட்டியிலிருந்து மொண்டு கலக்கினார். நான் தோட்டத்துக் குழாயைத் திறந்து போர் தண்ணீர் பிடித்தேன். அந்தத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் சுண்ணாம்பு அடித்தது போல வெள்ளை படியும். நுரைக்காத சோப்புக்கும் சாகாத களைக்கும் காரணம் ஒன்றே என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அதற்கு முன், இந்த 2,4-டி ஒரு செடியை எப்படிக் கொல்கிறது என்று பார்த்துவிடலாம். நஞ்சு என்றதும் எதையோ எரித்து அழிக்கும் என்று தோன்றும். இது எரிப்பதில்லை, வளர்த்துக் கொல்கிறது.

செடிகளுக்குள் வளர்ச்சியை ஆளும் ஒரு பொருள் ஓடுகிறது என்பதை டச்சுக்காரரான பிரிட்ஸ் வெண்ட் 1928இல் வெளியிட்ட ஒரு சோதனை தெளிவாக்கியது. ஓட்ஸ் நாற்றின் நுனியை வெட்டி, கடல்பாசிக் கட்டியின் மேல் அவர் வைத்தார். நோன்புக் காலத்தில் செய்யும் கடல்பாசி இனிப்பு இருக்கிறதே, அதே பொருள்தான். சற்று நேரம் கழித்து நுனியை எறிந்துவிட்டு, கட்டியை மட்டும் ஒரு துண்டு நறுக்கி, நுனியிழந்த நாற்றின் தலையில் ஒரு பக்கமாக ஒட்டினார். கட்டி இருந்த பக்கம் மட்டும் வேகமாக வளர, நாற்று மறுபக்கம் வளைந்தது. அங்கே நுனி இல்லை. நுனியிலிருந்து கட்டிக்குள் கசிந்த ஏதோ ஒன்றுதான் அந்த வேலையைச் செய்திருக்க வேண்டும். அந்த ஏதோ ஒன்றுக்கு ஆக்சின் என்று பெயர் வந்தது. 1940களின் தொடக்கத்தில், உலகப்போரின் ரகசியத் திரைக்குப் பின்னால், அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பல ஆய்வுக்கூடங்கள் தனித்தனியே ஆக்சினைப் போல நடிக்கும் செயற்கைப் பொருள்களைத் தேடின. 2,4-டி அப்படி அகப்பட்டது. 1945இல் கடைக்கு வந்தது. செடிக்குள் ஆக்சினை உணரும் புரதம் எது என்று தெளிவானது 2005இல்தான். அறுபது ஆண்டுகள், எந்தப் பூட்டுக்குள் நுழைகிறது என்றே தெரியாத ஒரு சாவியை உலகம் திருகிக்கொண்டிருந்தது.

உண்மையான ஆக்சினைச் செடி வேலை முடிந்ததும் சிதைத்துவிடும். 2,4-டியை அகல இலைச் செடிகளால் அப்படி எளிதில் அகற்ற முடியாது. வளர் வளர் என்ற கட்டளை நிற்காமல் ஒலிக்கிறது. தண்டு ஒரு பக்கம் நீள்கிறது, மறுபக்கம் முறுக்குகிறது, உணவு கடத்தும் குழாய்கள் நசுங்குகின்றன. புல்லினம் இதை ஓரளவு வேகமாகச் சிதைத்துக்கொள்கிறது. அதன் குழாய்களின் அமைப்பும் வேறு. அதனால்தான் நெல், கோதுமை, அருகு தப்பிக்கின்றன. இப்படி ஒன்றை விட்டு ஒன்றைக் கொல்வதைத் தேர்திறன் என்பார்கள். ஆனால் தேர்திறன் ஓர் அளவுக்குள்தான் இருக்கிறது. அகலமான இலையுள்ள சில புல்தரை வகைகளோ சரியான அளவையே தாங்குவதில்லை. நர்சரியில் வாங்கிய புல்லின் பெயரைத் தெரிந்துகொள்ளாமல் இதில் இறங்கக் கூடாது.

வியட்நாமில் அமெரிக்கா தூவிய ஏஜெண்ட் ஆரஞ்சில் பாதி இதுதானே என்று சிலர் கேட்பார்கள். பாதி இதுதான். பெரும் கேடு செய்த டயாக்சின், மறுபாதியான 2,4,5-டியைத் தயாரிக்கும்போது சேர்ந்த மாசு. அதற்காக நம் பாட்டில் பச்சைத்தண்ணீர் ஆகிவிடாது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015இல் 2,4-டியைப் புற்றுநோய்க்குக் காரணமாக இருக்கக்கூடியவற்றின் வரிசையில் வைத்தது.

இனி தண்ணீருக்கு வருவோம். சோப்பு என்பது கொழுப்பு அமிலமும் சோடியமும் கைகோத்த உப்பு. சோடியத்தோடு இருக்கும்வரை அது தண்ணீரில் கரையும், நுரைக்கும். போர் தண்ணீரில் பாறையிலிருந்து கரைந்த கால்சியமும் மக்னீசியமும் நிறைய. அவை சோடியத்தைத் தள்ளிவிட்டுக் கொழுப்பு அமிலத்தின் கையைப் பிடித்துக்கொள்கின்றன. அந்தப் புது உப்பு கரையாது. வாளி ஓரத்தில் தயிர் திரிந்தது போல ஒட்டுகிறதே, அதுதான். கடையில் கிடைக்கும் 2,4-டி பாட்டில்களில் ஒரு வகை அமீன் உப்பு. பெயர் வேறானாலும் கதை அதே. மருந்து ஓர் அமிலம். அமீன் அதன் கையைப் பிடித்திருப்பதால் கரைந்து நிற்கிறது. கால்சியம் வந்து அமீனைத் தள்ளிவிட்டால், இலைக்குள் எளிதில் நுழையாத உப்பு மிஞ்சுகிறது. தெளிப்பானில் நான் ஊற்றிய மூன்று மில்லியில் ஒரு பங்கு, இலையைத் தொடுமுன்பே பாத்திரத்து வெள்ளைப் படிவத்துக்குச் சொந்தக்காரன் ஆகிவிட்டது.

இன்னொரு புகழ்பெற்ற களைக்கொல்லியான கிளைபோசேட்டின் பிறப்பு இதைவிட வேடிக்கை. மான்சாண்டோ நிறுவனத்தின் வேதியியலாளர்கள் கடின நீரை மென்னீராக்குவதற்காக ஒரு குடும்பப் பொருள்களைச் செய்து பார்த்தார்கள். அவற்றில் ஓரிரண்டு செடிகளைச் சற்று வாட்டுவதாகத் தெரிந்தது. அந்த நூலைப் பிடித்துக்கொண்டு போன ஜான் பிரான்ஸ் 1970இல் கிளைபோசேட்டை எட்டினார். ஆக, தண்ணீரில் இருக்கும் கால்சியத்தை இறுகப் பிடிப்பது இதன் பரம்பரைக் குணம். நண்டு இரண்டு கொடுக்காலும் கவ்வுவது போல ஒரு மூலக்கூறு ஓர் உலோக அணுவைப் பல பக்கமும் பிடிப்பதைக் கொடுக்கிணைப்பு என்று நம் பாடநூல்கள் சொல்கின்றன. போர் தண்ணீரில் கிளைபோசேட்டைக் கரைப்பது, மீன் பிடிக்கப் போகும் நண்டின் கொடுக்கில் வழியிலேயே கூழாங்கல்லைத் திணிப்பது.

இதெல்லாம் நடக்கிறது என்று எப்படித் தெரியும்? 1995இல் அமெரிக்காவில் தெலன், ஜாக்சன், பென்னர் என்ற மூவர் இதை நேராகப் பார்த்தார்கள். அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு என்ற முறை; மருத்துவமனை எம்.ஆர்.ஐ. இயந்திரத்துக்கும் அடிப்படை அதுதான். வலுவான காந்தப்புலத்தில் ஒவ்வோர் அணுவும் தனக்கென்று ஒரு சுருதியில் ஒலிக்கும். ஒலிக்கும் மணியின் விளிம்பில் விரல் வைத்தால் நாதம் மாறுமல்லவா? கால்சியத்தைச் சேர்த்ததும் கிளைபோசேட்டின் அணுக்களுடைய சுருதி மாறியது. விரல் எங்கே பட்டது என்றும் தெரிந்தது. அதே கலவையைச் சூரியகாந்திச் செடிகளுக்குத் தெளித்தபோது மருந்தின் வீரியம் குறைந்தது. அம்மோனியம் சல்பேட் சேர்த்ததும் வீரியம் திரும்பியது. உர மூட்டையில் வரும் அதே அம்மோனியம் சல்பேட்தான். அதிலுள்ள சல்பேட் கால்சியத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ள, மருந்து அம்மோனியத்தோடு போய் இலைக்குள் நுழைகிறது. அதனால்தான் இதை முதலில் தண்ணீரில் கரைக்க வேண்டும், மருந்து அதற்குப் பிறகு. லிட்டருக்கு 10 முதல் 20 கிராம் வழக்கம். லேபிள் அனுமதித்தால் மட்டும்.

வீட்டளவில் அதுகூட வேண்டாம். அரை கிரவுண்டுக்குத் தேவை ஐந்தாறு லிட்டர்தான். மழைநீரோ, வடிகட்டிய நல்ல தண்ணீரோ போதும். ஒரு எச்சரிக்கை மட்டும்: ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் தண்ணீரைப் பலரும் வாளியில் சேர்த்துத் தோட்டத்துக்கு வைத்திருப்பார்கள். குடிநீரிலிருந்து நீக்கிய உப்பெல்லாம் ஒன்றுசேர்ந்த தண்ணீர் அது. போர் தண்ணீரைவிட மோசம். கலங்கல் தண்ணீரும் ஆகாது. களிமண் துகள்கள் கிளைபோசேட்டைத் தம் மேல் இறுக ஒட்டிக்கொள்கின்றன. மண்ணில் விழுந்ததும் அந்த மருந்து செயலிழப்பது இதனால்தான். வாளிக்குள்ளேயே செயலிழந்தால் கடைக்குக் கொடுத்த காசு வீண். சொல்லப்போனால் கிளைபோசேட் வீட்டுப் புல்தரைக்கு உரியதே அல்ல. அதற்குத் தேர்திறன் கிடையாது, களையோடு புல்லும் போகும். இந்திய அரசும் 2022 அக்டோபரில் பூச்சிக்கட்டுப்பாட்டுப் பணியாளர்கள் வழியாகத் தவிர வேறு யாரும் இதைப் பயன்படுத்தக் கூடாது என்று அறிவித்தது.

நல்ல தண்ணீர் கிடைத்தாயிற்று. ஆனால் தாமரை இலைத் தண்ணீர் போல மருந்து உருண்டோடினால் என்ன செய்வது? இலையின் மேல் மெழுகுப் பூச்சு இருக்கிறது. தண்ணீர் மூலக்கூறுகளோ ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக்கொண்டு உருண்டையாகத் திரள்பவை. இதற்குப் பரப்பு இழுவிசை என்று பெயர். சேப்பங்கிழங்கு இலையில் தண்ணீர் தெளித்துப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டாம். அந்த இழுப்பைத் தளர்த்தத்தான் ஒட்டு திரவம். ஒரு சொட்டு அகல விரிந்து இலையில் படிகிறது. சிலர் துணி சோப்பையே கரைத்து ஊற்றுகிறார்கள். கடின நீரில் சோப்பு என்ன ஆகும் என்று மேலே பார்த்தோம். அது தானும் திரிந்து, தெளிப்பானின் முனையையும் அடைக்கும்.

இவ்வளவும் தெரியாத காலத்தில் நான் செய்தது வேறு. களை சாகவில்லை என்ற எரிச்சலில் அடுத்த மாதம் லிட்டருக்கு ஆறு மில்லி ஊற்றினேன். மருந்து இரட்டிப்பானால் வேலையும் இரட்டிப்பாகும் என்ற கணக்கு. ஒரு வாரத்தில் புல்தரையில் மஞ்சள் பட்டைகள் விழுந்தன, அண்டை வீட்டுக் குழந்தை வரிக்குதிரை என்று பெயர் வைத்தது.

தவறு இரண்டு இடத்தில். செடிக்குள் ஊடுருவிப் பரவும் வகை மருந்து, இலையில் இறங்கி, உணவு செல்லும் பாதையிலேயே பயணம் செய்து வேருக்குப் போக வேண்டும். அளவு மிகுந்தால் இலையும் பாதையும் முதலிலேயே கருகிவிடும். வேர் பிழைத்து மறுபடி துளிர்க்கும். பாலத்தை வெடிவைத்துத் தகர்த்துவிட்டு அக்கரைக்குப் படையை அனுப்புவது போல.

இரண்டாவது தவறுதான் பெரும்பாலோர் செய்வது. லிட்டருக்கு இத்தனை மில்லி என்பது பாதிக் கணக்கு. செடிக்குத் தண்ணீர் அளவு தெரியாது. ஒரு சதுர அடியில் எவ்வளவு மருந்து விழுந்தது என்பதுதான் தெரியும். சோற்றுக்கு உப்பைத் தண்ணீருக்குப் பார்த்தா போடுகிறோம்? அரிசிக்குப் பார்த்துப் போடுகிறோம். லேபிள் பேசுவது வயல் கணக்கு: ஏக்கருக்கு இவ்வளவு. அரை கிரவுண்டு என்பது 1200 சதுர அடி. ஏக்கரில் ஏறத்தாழ 36இல் ஒரு பங்கு. கணக்கு எளிதாகட்டும் என்று லேபிளில் ஏக்கருக்கு 540 மில்லி என்று வைத்துக்கொண்டால், என் தரைக்கு மொத்தமே 15 மில்லி. அதை எவ்வளவு தண்ணீரில் கரைக்க வேண்டும் என்பது என் நடையைப் பொறுத்தது. வேகமாக நடப்பவர் ஐந்து லிட்டரில் முடிப்பார். நான் அன்று ஆற அமர நடந்து பதினொரு லிட்டர் தீர்த்திருந்தேன். லிட்டருக்கு ஆறு என்றால் 66 மில்லி. தேவையைப்போல நான்கு மடங்குக்கு மேல். ஒரு நடைக்கும் அடுத்த நடைக்கும் நடுவில் விசிறல் ஒன்றன்மேல் ஒன்று விழுந்த இடத்தில் எட்டு மடங்குக்கு மேல். வரிக்குதிரையின் வரிகள் அவைதான்.

இதற்குத் தீர்வு வெறும் தண்ணீர் ஒத்திகை. தெளிப்பானில் அளந்து தண்ணீர் ஊற்றி, மருந்து இல்லாமல், வழக்கமான நடையில் தரை முழுக்க ஒருமுறை தெளித்துவிட்டு, எவ்வளவு குறைந்தது என்று பார்ப்பது. குறைந்த அளவுதான் உங்கள் தண்ணீர். அதில் உங்கள் தரைக்குரிய மருந்து. ஆளுக்கு ஆள், முனைக்கு முனை இது மாறும். அன்று எதிர்வீட்டு சார் என்னைவிட வேகமாக நடந்தார் என்பதையும் நியாயத்துக்காகச் சொல்லிவிடுகிறேன்.

அளவு பற்றிப் பேசும்போது கோரையை விட முடியாது. 2,4-டி அதன் மேல்தாளைச் சற்று வாட்டும், அவ்வளவுதான். கோரை அகல இலையும் அல்ல, புல்லும் அல்ல. தண்டை விரல்களுக்கிடையே உருட்டினால் மூன்று முனை தட்டுப்படும், அது தனிக் குடும்பம். மண்ணுக்கடியில் கிழங்குகள் மணி கோத்தது போல ஒரு சரமாக ஓடுகின்றன. முன்கிழங்கு உயிரோடு இருக்கும்வரை பின்கிழங்குகள் பெரும்பாலும் உறங்கும். நாம் பிடுங்கிச் சரத்தை அறுத்ததும் ஒவ்வொன்றும் விழித்துக்கொள்ளும். இதற்கென்று ஹாலோசல்பியூரான் என்ற மருந்து உண்டு. செடி தனக்கு வேண்டிய மூன்று அமினோ அமிலங்களைச் செய்துகொள்ள உதவும் ஒரு நொதியை அது அடைத்துவிடுகிறது. அந்த நொதி விலங்குகளிடம் இல்லை. நாம் அவற்றைப் பருப்பிலும் பாலிலும் பெற்றுக்கொள்கிறோம். இந்த மருந்துக் குடும்பத்தை 1970களில் டூபாண்ட் நிறுவனத்தின் ஜார்ஜ் லெவிட் கண்டறிந்தபோது, ஹெக்டேருக்குக் கிலோ கணக்கில் கொட்டிய காலம் போய், பத்துக் கணக்கான கிராம் போதும் என்றானது. கோரைக்கு விற்கும் பொட்டலம் ஏக்கருக்கு 36 கிராம். என் அரை கிரவுண்டுக்கு? ஒரே கிராம். ஒரு கிராம் தங்கக் காசை மனக்கண்ணில் கொண்டுவாருங்கள். அவ்வளவு குருணையை 1200 சதுர அடிக்குப் பரப்ப வேண்டும். சமையலறைத் தராசு இதற்கு உதவாது. சிறு கரண்டியால் குத்துமதிப்பாக எடுத்தால் மூன்று நான்கு கிராம் வந்துவிடும். நம்மூர் லேபிள்கள் சொல்வதும் கரும்பு போன்ற வயல் பயிர்களுக்கான அளவே. நான் அதை வாங்கவில்லை. மழை பெய்த மறுநாள் கடப்பாரைக் கம்பியோடு உட்கார்ந்து சரத்தோடு தோண்டுகிறேன். கிழங்கை நசுக்கினால் நல்ல மணம். நாட்டு மருந்துக் கடையில் முத்தக்காசு என்று காசு கொடுத்து வாங்குவது இதைத்தான்.

கலக்கும் வேலையில் உடம்புக்கு ஆபத்தான நேரம் எது? தெளிக்கும்போது என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள், முகத்தில் துண்டு கட்டுவதும் அப்போதுதான். ஆனால் லிட்டருக்கு மூன்று மில்லி என்றால், பாட்டிலில் இருக்கும் ஒரு சொட்டு, தெளிப்பானில் இருக்கும் முந்நூறுக்கும் மேற்பட்ட சொட்டுகளுக்குச் சமம். மூடி திறந்து அளக்கும் அந்த ஒரு நிமிடத்தில் விரலில் வழிவது, காலை முழுக்கத் தெளித்தாலும் மேலே படாத அளவாக இருக்கலாம். 2,4-டி அமீன் உப்பு கண்ணில் தெறித்தால் கடுமையான காயம். எனவே கையுறையும் கண்ணாடியும் பாட்டிலைத் திறக்கும் முன்பே. துணிக் கையுறை கூடாது. மருந்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு தோலோடு ஒட்டியே இருக்கும். நைட்ரைல் ரப்பர் நல்லது. திறந்த வெளியில், தரையில் வைத்து, கண்ணுக்குக் கீழே அளக்க வேண்டும். அளவுமூடி அதற்கென்று தனி. மிஞ்சியதைக் குளிர்பானப் பாட்டிலில் ஊற்றி வைப்பதைப் போலக் கொடுமை வேறில்லை. குழந்தைகள் லேபிளைப் படிப்பதில்லை.

எதை எதில் ஊற்றுவது என்பதற்குக் கேழ்வரகுக் கூழ் காய்ச்சியவர்களுக்குப் பாடம் தேவையில்லை. கொதிக்கும் பானையில் மாவை நேராகக் கொட்டினால் கட்டி. தனியாகக் கரைத்து ஊற்றினால் கூழ். தூளாகவோ குருணையாகவோ வரும் மருந்தைச் சிறு வாளியில் கரைத்துப் பிறகு தெளிப்பானுக்கு. தெளிப்பானில் முதலில் பாதித் தண்ணீர், அதில் மருந்து, ஆட்டிவிட்டு மீதித் தண்ணீர், நுரைக்கும் ஒட்டு திரவம் கடைசியில். மருந்து தண்ணீருக்குள் போக வேண்டும். வெறும் தொட்டியில் மருந்தை ஊற்றி அதன் தலையில் குழாயைத் திறந்தால் மூலமருந்து தெறிக்கும், நுரை பொங்கும். கலக்கியதை அன்றே தீர்க்க வேண்டும்.

தெளிக்கும்போது மெல்லிய பனிப்படலம் வந்தால் நன்றாக வேலை செய்கிறது என்று மகிழ வேண்டாம். அது காற்றில் மிதந்து பக்கத்து மாடித் தோட்டத்துக்குப் போகும். தக்காளி, பருத்தி, திராட்சை மூன்றும் 2,4-டிக்கு மிகவும் கூசும். துளி பட்டாலும் இலை சுருண்டு விரல் போல நீளும். அதனால் குறைந்த அழுத்தம், பெருந்துளி, முழங்கால் உயரத்துக்கு மேலே தூக்காத முனை. களைக்கொல்லி அடித்த தெளிப்பானை மிளகாய்க்கு எடுக்கவே கூடாது, எத்தனை முறை கழுவினாலும். இலை உலரும் வரை குழந்தைகளும் நாயும் தரையில் இறங்காமல் பார்த்துக்கொள்வதும் இதோடு சேர்ந்தது.

பாட்டில் தீர்ந்ததும் மூன்று முறை அலச வேண்டும் என்று லேபிளில் போட்டிருக்கும். ஒரே தடவை நிறைய ஊற்றிக் குலுக்கினால் ஆகாதா என்று எதிர்வீட்டு சார் கேட்டார். வங்கிக்காரர் என்பதால் கணக்காகவே சொன்னேன். உள்ளே ஒட்டியது பத்து மில்லி என்று கொள்வோம். முந்நூறு மில்லியை ஒரேயடியாக ஊற்றிக் கொட்டினால், ஒட்டி மிஞ்சும் பத்து மில்லியில் பழைய மருந்து முப்பத்தொன்றில் ஒரு பங்கு. அதே முந்நூறை நூறு நூறாக மூன்று முறை ஊற்றினால் ஒவ்வொரு முறையும் பதினொன்றில் ஒன்றாகச் சுருங்கி, கடைசியில் ஆயிரத்து முந்நூற்றுச் சொச்சத்தில் ஒரு பங்கு. தண்ணீர் அதேதான். சாயம் போகும் புதுத் துணியை அம்மா மூன்று வாளியில் மாற்றி மாற்றி அலசியது இதே கணக்குதான். அந்த அலசிய தண்ணீரைச் சாக்கடையில் விடாமல் தெளிப்பானிலேயே ஊற்றி, தரைக்கே அடித்துவிட்டோம். பிறகு அவர் ஓர் ஆணியைக் காய்ச்சி எடுத்து வந்து பாட்டிலின் அடியில் இரண்டு ஓட்டை போட்டார், நாளைக்கு யாரும் அதில் எண்ணெய் வாங்கப் போகாமல்.